பிபிஐ நட்டஈடு: நேரடிக் கடிதமா, கிளெயிம் கம்பனியா, ஒம்புட்ஸ்மனா, நீதிமன்றமா?

பிரித்தானியாவில் பெரும்பாலும் 1990 முதல் 2010 வரை, கடனோ வீட்டுக்கடனோ கடனட்டையோ எடுத்த பலரின் கணக்கில் பிபிஐ என்ற தவணைப் பாதுகாப்புக் காப்புறுதி சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் ஒப்பந்தங்கள் வரை இவ்வாறு விற்கப்பட்டதாக நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ. கணக்கிட்டது. நோய், விபத்து, வேலையிழப்பு ஆகியவற்றின்போது தவணையைக் காப்புறுதி கட்டும் என்ற எண்ணத்தில் பிழை எதுவும் இல்லை. அதை யாருக்கு, எப்படி விற்றார்கள் என்பதில்தான் பிழை இருந்தது. அந்தக் காப்புறுதியால் பெரும்பாலும் பயனடைய முடியாத சுயதொழில் செய்பவர், ஓய்வூதியம் பெறுபவர், முன்பே நோயுள்ளவர் என எல்லோரிடமும் அது விற்கப்பட்டது. இதை எடுக்காவிட்டால் கடன் கிடைக்காது என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. வேறு சிலருக்கு எதுவுமே சொல்லாமல், படிவத்தில் முன்கூட்டியே சரியடையாளம் இடப்பட்டிருந்தது. தனிநபர் கடன்களில் ஐந்து ஆண்டுக்கான முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கடன் தொகையோடு கூட்டி, அதற்கும் வட்டி வாங்கினார்கள்.

2005 செப்டெம்பரில், மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு கொடுத்த பெரும் முறைப்பாட்டிலிருந்து இந்தச் சிக்கல் வெளியே வந்தது. பிபிஐ முறைப்பாடுகளைக் கையாளும் விதிகளை எதிர்த்து வங்கிகள் தொடுத்த மறுஆய்வு வழக்கு 2011 ஏப்ரலில் தோற்றது. அதன் பிறகே பணம் பெருமளவில் திரும்பத் தொடங்கி, மொத்தம் 3,800 கோடிப் பவுண்டுக்கும் மேல் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் வாடிக்கையாளரின் கைக்கு வந்த வழிகளில் எது கூடுதலாகக் கொடுத்தது, எது இடையில் எடுத்துக்கொண்டது என்பதையே இங்கே ஒப்பிடுகிறேன். முறைப்பாட்டுக்கான இறுதி நாள் 2019 ஆகஸ்ட் 29 அன்று முடிந்துவிட்டாலும் இந்த ஒப்பீடு பழங்கதையாகிவிடவில்லை. அதே தேர்வு இப்போது கார்க் கடன் விடயத்தில் மீண்டும் நம் முன் நிற்கிறது.

முதல் வழி, வங்கிக்கு நேரடியாக எழுதுவது. 2013இல் என் மாமா ஒருவரின் சமையலறை மேசையில் இதை அருகிலிருந்து பார்த்தேன். அவர் லண்டனில் சிறிய கடை நடத்தியவர், அதாவது சுயதொழில். பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் பத்து ஆண்டுக் கடனட்டைக் கூற்றுகளை இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு மாதத் தாளிலும் வாங்கிய சாமான்களுக்குக் கீழே, வட்டி வரிக்கு மேலே, "பேமென்ட் கவர்" என்ற ஒரு வரி இருந்தது. நிலுவையிலுள்ள ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 79 பென்ஸ் என்ற கணக்கில் சில மாதங்களில் மூன்று பவுண்டும் சில மாதங்களில் பதினொரு பவுண்டும் போயிருந்தன. அவர் அதைக் கடனட்டையின் சேவைக் கட்டணம் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தார்.

கடிதத்துக்கு வேண்டியவை மிகக் குறைவு. பெயர், பிறந்த திகதி, பழைய முகவரிகள், தெரிந்தால் கணக்கு இலக்கம், பிழையாக விற்கப்பட்டதற்கான காரணம் ஆகியவை போதும். கூற்றுகள் எதுவும் கையில் இல்லாதவரும் "என் பெயரில் பிபிஐ இருந்ததா?" என்று கேட்க முடிந்தது, தேடிப் பார்ப்பது வங்கியின் பொறுப்பாக இருந்தது. நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை நடுநிலையாகத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் ஒரு வினாக்கொத்தை இலவசமாக வெளியிட்டிருந்தது. விற்பனை வங்கிக் கிளையில் நடந்ததா, தொலைபேசியிலா, அந்த நேரம் என்ன வேலை, சுகயீன விடுப்புச் சம்பளம் இருந்ததா என்பவையே அதிலிருந்த கேள்விகள். இறுதிப் பதில் தர வங்கிக்கு எட்டு வாரம் உண்டு. தபால் முத்திரையைத் தவிர இந்த வழியில் செலவே இல்லை.

இரண்டாவது வழியான, நமக்காக நட்டஈடு கேட்டு அதில் பங்கு எடுக்கும் கிளெயிம் கம்பனிகள் அந்த ஆண்டுகளில் நம் தொலைபேசிகளில் குடியிருந்தன. "தம்பி, அவங்கள் வாங்கித் தாறம் எண்டு சொல்லுறாங்கள், வராட்டில் காசில்லையாம், எங்களுக்கு என்ன நட்டம்?" என்று மாமா கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைக் கணக்குப் போட்டே சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவர் பத்து ஆண்டுக்கு முன் பிபிஐக்காக 1,000 பவுண்டு கட்டியிருந்தார் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். வங்கி அந்த ஆயிரத்தைத் திருப்பித் தருவதோடு, ஆண்டுக்கு 8% தனிவட்டியாக 800 பவுண்டும் சேர்க்கும். அந்த வட்டியில் மட்டும் 20% வருமான வரியாக 160 பவுண்டைப் பிடித்துக்கொண்டு 1,640 அனுப்பும். நேரே எழுதியவருக்கு அந்த 1,640 முழுவதும் மிஞ்சும். கம்பனி மூலம் போனவர் 30% கட்டணமும் அதன் மேல் 20% வற் வரியும் கொடுக்க ஒப்பியிருந்தால், கட்டணம் 36% ஆகிறது. அதையும் பெரும்பாலும் வரி பிடிப்பதற்கு முந்தைய 1,800இன் மீதே கணக்கிட்டார்கள். ஆக 648 பவுண்டு. கையில் மிஞ்சுவது 992. பத்து ஆண்டுக்கு முன் தான் கட்டிய ஆயிரத்தைக்கூட அவர் முழுமையாகப் பார்க்கவில்லை. 2018 ஜூலை 10 முதல் சட்டம் இந்தக் கட்டணத்தை 20% என்று மட்டுப்படுத்தியது. வற் வரியோடு 24%. நம் கணக்கில் 432 பவுண்டு. நிலைமை மேம்பட்டதுதான், ஆனால் பெரும்பாலான முறைப்பாடுகள் முடிந்துபோன பிறகு வந்த மேம்பாடு அது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்றும் இருந்தது. கடனட்டையில் கட்டத் தவறிய நிலுவை வைத்திருந்தவருக்கு வங்கி நட்டஈட்டைப் பணமாகக் கொடுக்காமல், அந்த நிலுவையைக் கழிக்கப் பயன்படுத்தலாம். கடன் குறையும், கையில் ஒரு பென்ஸும் வராது. ஆனால் கம்பனியின் கட்டணப் பட்டியல் முழுத் தொகைக்கும் வந்து சேரும். கடன் தொல்லையிலிருந்து மீளவே கையெழுத்திட்ட குடும்பங்கள் புதிய கடன்காரர் ஒருவரைத் தேடிக்கொண்ட கதை இது.

கம்பனிகளில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலக் கடிதத்தைக் கண்டாலே பதறுபவர், நோயாளி, ஐந்தாறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்து எதையும் நினைவில் வைக்காதவர் ஆகியோருக்கு, யாரோ ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆறுதல்தான். ஆனால் அந்த ஓட்டத்தின் உள்ளே பார்த்தால், கம்பனி அனுப்பியதும் ஒம்புட்ஸ்மனின் அதே வினாக்கொத்துத்தான். 1999இல் உங்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குக் கம்பனி பதில் எழுத முடியாது என்பதால், படிவம் மீண்டும் உங்கள் வீட்டுக்கே நிரப்ப வரும். நீங்கள் நிரப்புவதை உறையில் போட்டு வங்கியின் அதே முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புவதற்காகவே மூன்றிலொரு பங்கு போனது. வங்கி அதைச் சற்றேனும் கூடுதல் மதிப்போடு படித்ததற்கு நான் அறிந்தவரை அடையாளமே இல்லை.

ஒம்புட்ஸ்மனை இவ்விரண்டுக்கும் போட்டியான வழியாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் அது அடுத்த படி. வங்கி மறுத்தாலோ எட்டு வாரம் கடந்தும் பதில் தராவிட்டாலோதான் அங்கே போகலாம். இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. வழக்குக் கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது. இதன் உண்மையான விலை காலம்தான். 2012-13 நிதியாண்டில் மட்டும் 378,000க்கு மேற்பட்ட புதிய பிபிஐ முறைப்பாடுகள் அங்கே குவிந்தன. அதன் விளைவாகச் சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனாலும் வங்கியின் மறுப்புக் கடிதத்தைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டவரைவிட, ஆறு மாதத்துக்குள் அங்கே எழுதியவரே நல்ல முடிவெடுத்தார். ஒம்புட்ஸ்மனின் இறுதித் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். ஏற்றபின் அதே விடயத்துக்கு நீதிமன்றம் போக முடியாது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. கடன் விற்ற நிறுவனமே மூடப்பட்டிருந்தால், செல்ல வேண்டிய இடம் நிதிச் சேவை நட்டஈட்டுத் திட்டமான எஃப்.எஸ்.சி.எஸ்.; அதுவும் இலவசம்.

நீதிமன்றம் இந்த வரிசையில் வேறு இனத்தைச் சேர்ந்தது. செலவும் அச்சமும் கூடிய வழி என்றாலும், சட்டத்தையே நகர்த்தியது அது ஒன்றுதான். 2014 நவம்பரில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளெவின் வழக்கின் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 2006இல் எடுக்கப்பட்ட 34,000 பவுண்டுக் கடனோடு 5,780 பவுண்டு பிபிஐக் கட்டணம் சேர்க்கப்பட்டது. அதில் தரகருக்கு 1,870, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 2,280, காப்புறுதி நிறுவனத்துக்கு வெறும் 1,630. அதாவது கட்டணத்தில் 71.8% கமிஷன், வாடிக்கையாளருக்கு அது சொல்லப்படவே இல்லை. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின்படி இந்த உறவு நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு, விற்பனை முறையில் பிழையே இல்லாதவரும் கமிஷன் மறைக்கப்பட்டதற்காகக் கேட்கலாம் என்றாயிற்று.

ஆனால் எஃப்.சி.ஏ. இதை முறைப்பாட்டு விதியாக மாற்றியபோது 50% என்ற கோட்டைப் போட்டது. கமிஷன் அதற்கு மேல் போனால், மேலே போன பகுதியை மட்டும் வங்கி திருப்பித் தந்தால் போதும். இங்கேதான் கடிதமும் நீதிமன்றமும் பிரிகின்றன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்மித் வழக்கில், வங்கியிடமிருந்து அந்த மேற்பகுதியை ஏற்கெனவே பெற்றவர் மீதியைக் கேட்டு வென்றார். ஆறு ஆண்டுக் காலவரையறை கடைசி பிபிஐக் கட்டணத்திலிருந்து அல்ல, கடன் உறவு முடிந்த நாளிலிருந்தே தொடங்கும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த மாதம் வந்த பொட்டர் வழக்கின் தீர்ப்பு, கமிஷனை வங்கி தெரிந்தே மறைத்திருந்தால் வாடிக்கையாளர் அதைக் கண்டறியும்வரை கடிகாரம் ஓடாது என்றது. எஃப்.சி.ஏ. வைத்த 2019இன் இறுதி நாள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகையால், விதிவிலக்கான சூழ்நிலைகளைத் தவிர, அந்த நாளுக்குப் பின் மிஞ்சியது இந்த வழி மட்டுமே.

இதற்காகச் சட்டத்தரணியிடம் ஓடுமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையான கோரிக்கைகள் பொதுவாகச் சிறு கோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படும். தோற்றவர் மறுதரப்புச் சட்டத்தரணியின் செலவைப் பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. வென்றாலும் உங்கள் சட்டத்தரணியின் செலவு பெரும்பாலும் உங்களுடையதே. மற்றது, வென்றால் பங்கு என்ற வகை ஒப்பந்தங்களுக்கு 2013ஆம் ஆண்டு விதிகள் 50% வரை இடம் கொடுக்கின்றன. எதையும் இழக்கப்போவதில்லை என்று நினைத்துக் கையெழுத்திடுபவர் பாதியை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

எல்லா வழிகளுக்கும் பொதுவாக ஒன்று மிஞ்சுகிறது: பிடிக்கப்பட்ட அந்த 20% வரி. 2016 ஏப்ரலிலிருந்து அடிப்படை வீத வரி செலுத்துபவருக்கு 1,000 பவுண்டு வரையும், உயர்வீதத்தவருக்கு 500 பவுண்டு வரையும் வட்டி வருமானத்துக்கு வரியில்லை. ஆனால் வங்கிகள் பிபிஐ வட்டியில் வரி பிடிப்பதை நிறுத்தவில்லை. வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் ஆர்40 படிவத்தால் அதைத் திரும்பப் பெறலாம். அந்த வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். இந்த ஒற்றைப் படிவத்துக்கும் முகவர்கள் முளைத்து, திரும்பும் வரியின் உரிமையையே தங்கள் பெயருக்கு மாற்றி எழுதி வாங்கினார்கள். 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதுவது செல்லாது.

ஆகவே இப்படியான நட்டஈட்டுக்கு என் வரிசை இதுதான்: கடிதம், மறுத்தால் ஒம்புட்ஸ்மன், கமிஷன் பற்றிய மீதித் தொகை பெரிதாக இருந்தால் மட்டும் நீதிமன்றம். கிளெயிம் கம்பனி, தானே எழுத முடியாதவருக்கும் எழுதித் தர ஆளில்லாதவருக்கும் மட்டும். நம் சமூகத்தில் எழுதித் தர ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு குறைவு.

மாமாவின் கடிதத்துக்கு ஏழாவது வாரத்தில் பதில் வந்தது. சுயதொழில் என்ற ஒரே காரணமே போதுமாக இருந்தது. இப்போது அவருடைய கேள்வி, தவணையில் எடுத்த வான் பற்றியது. 2025 அக்டோபரில் எஃப்.சி.ஏ. முன்வைத்த வரைவுத் திட்டம், 2007 ஏப்ரல் முதல் 2024 நவம்பர் வரையான வாகனக் கடன்களில் மறைக்கப்பட்ட கமிஷனுக்கு ஒப்பந்தம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 700 பவுண்டு வரும் என்று மதிப்பிட்டது. இந்தத் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. பிபிஐயின் 20% வரம்பு இதற்குப் பொருந்தாது. 1,499 பவுண்டு வரையான தொகைக்குக் கிளெயிம் கம்பனி 30% வாங்கலாம். வற் வரியோடு 700இல் அது 252 பவுண்டு. மாமா அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, வான் ஒப்பந்தத்தைத் தேடிப் பேணியைத் திறந்தார்.