திருகோணமலைப் பயணம்: சனல் நிலையத்தில் கேட்ட ஒரு கேள்வி

"மண்டைக்குக் கரண்ட் கொடுப்பதா? அதெல்லாம் இங்கே இல்லை. அங்கொடைக்குத்தான் கூட்டிப் போகவேண்டும்."

திருகோணமலை நகரில் உள்ள காசு கட்டி வைத்தியர்களைப் பார்க்கும் ஒரு தனியார் சனல் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை எனக்குச் சொன்ன பதில் இது. அங்கொடை என்றால், கொழும்புக்குக் கிட்ட மனநல வைத்தியசாலை இருக்கும் ஊர். மாலை நேரம். கொழும்பிலிருந்து வரும் டொக்டர்களுக்காக நம்பர் எடுத்துவிட்டு மண்டபம் நிறையச் சனம் காத்திருந்தது. அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. நான் கேட்டது, தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்துக் காந்தத்தால் மூளையைத் தூண்டும், மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பற்றிப் பேசக்கூடிய மனநல வைத்தியர் யாராவது வருகிறாரா என்பதுதான். குனிந்து, மெதுவாகவே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தது என் பக்கத்தில் நின்ற சின்னம்மாவை. அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "தம்பி, வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அதற்குள் தெருவில் தெரிந்த ஒரு மாமி, "என்ன, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

ஓட்டோவில் சின்னம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திரகாளி கோயிலைக் கடக்கும்போது கும்பிடக்கூட இல்லை. சமைப்பதை விட்டு, விடியச் சாமத்தில் எழுந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை வெளியே கூட்டி வருவதற்கு என் மச்சாள் எத்தனை மாதம் கெஞ்சியிருக்கிறாள்! அத்தனையும் ஒரு நிமிடத்தில் போயிற்று. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. டொராண்டோவில் நான் இதே நோய்க்குப் போன இடத்தில், முதற்பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார்கள். எதற்கு வந்தாய் என்று கவுண்டரில் யாரும் கேட்டதில்லை. காசு கட்டிச் சனல் பண்ணும் இடத்தில் அந்த அளவு மரியாதையாவது வேண்டாமா? கவுண்டரைச் சுற்றி ஒரு தடுப்புப் போடுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அந்தப் பிள்ளை நினைத்த சிகிச்சை வேறு. அது மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் சிறு வலிப்பை உண்டாக்குவது. படங்களில் காட்டுகிற பயங்கரம் அதில் இல்லை. கடும் மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றுகிற வைத்தியம் அது. காந்தத் தூண்டலுக்கு மயக்கமும் இல்லை, வலிப்பை வேண்டுமென்று உண்டாக்குவதும் இல்லை. 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். 2008ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது.

எனக்கு இரண்டு மாத்திரைகள் மாற்றியும் சரிவராத ஒரு குளிர்காலத்தில் இதைச் செய்தார்கள். கண் விழித்தபடி ஒரு சாய்கதிரையில் இருந்தேன். முதல் நாள், சுருளைத் தலையின் இடப்பக்கத்தில் மெல்ல நகர்த்தி நகர்த்தி, என் வலது பெருவிரல் தானாகத் துடிக்கும் இடத்தைத் தேடினார்கள். அந்தத் துடிப்பைக் கொண்டுதான் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு சுருளைச் சற்று முன்னே, நெற்றிப் பக்கம் வைத்தார்கள். காதுக்கு அடைப்பான், மண்டையோட்டை யாரோ விரலால் விடாமல் சுண்டுவது போல ஓர் உணர்வு. கொஞ்சம் தலையிடி. முடிந்ததும் சப்வே பிடித்து வேலைக்குப் போய்விடலாம். ஆரம்பத்தில் ஒருமுறைக்கு 37 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. மூன்று நிமிடத்து முறையும் அதற்குக் குறையாமல் பலன் தருகிறது என்று கனடாவில் செய்த பெரிய ஆய்வொன்று 2018இல் காட்டியது. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போகவேண்டும். எல்லோருக்கும் இந்த வைத்தியம் கேட்பதில்லை; கேட்டவர்களிலும் சிலருக்குத் திரும்ப வருகிறது. எனக்குக் கேட்டது. அதனால்தான் சின்னம்மாவுக்கும் கேட்கட்டும் என்று அந்தரப்பட்டேன்.

மச்சாள் விடவில்லை. அடுத்த வாரம் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். விடிய எழுந்து துண்டு எடுக்கும் கதை உங்களுக்குத் தெரியும், எழுத ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவர் சிங்கள டொக்டர். நிதானமான, சுத்தமான தமிழ். கதவைச் சாத்தச் சொன்னார். என்னைப் பார்க்காமல் சின்னம்மாவைப் பார்த்தே பேசினார். அவரது பெருவிரலைத் தொட்டுக் காட்டி, "அம்மா, இந்த விரல் துடிக்கிற இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள்" என்று விளக்கினார். "ஓட்டை போடுவார்களா?" என்று சின்னம்மா கேட்டார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட ஒரு கேள்வி அது. "இல்லை" என்று சிரித்த டொக்டர் அடுத்துக் கேட்டார்: "தலையில், கழுத்தில் எங்காவது ஷெல் துண்டு இருக்கிறதா?"

டொராண்டோவில் இதே கேள்வி படிவத்தில் ஒரு கட்டம்: தலையில் உலோகம் உண்டா, இல்லையா. நான் இல்லை என்று கோடிட்டுவிட்டு மறந்துபோனேன். சின்னம்மா கொண்டையை ஒதுக்கி, இடது காதுக்குக் கீழே ஒரு தடிப்பைக் காட்டினார். 2006, மூதூர். ஷெல்லடிக்குள் சனத்தோடு சனமாக வெளியேறியபோது பட்டது. ஆழத்தில் இருக்கிறது, எடுக்கவேண்டாம் என்று அப்போது விட்டார்களாம். எனக்கு அது தெரியவே தெரியாது. சுருளுக்குக் கிட்ட உலோகம் இருந்தால் காந்தம் அதைச் சூடாக்கலாம், அசைக்கலாம். எங்கே இருக்கிறது, என்ன உலோகம் என்று பார்க்காமல் இந்தச் சிகிச்சையை நினைக்கவே முடியாது என்றார் டொக்டர். எக்ஸ்ரே எழுதினார். மாத்திரையை மாற்றினார், நித்திரைக்கு என்று தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை, முதலில் இது வேலை செய்யட்டும் என்றார். ஒரு சதம் செலவில்லை. அடுத்த தேதியைக் கிளினிக் கொப்பியில் எழுதியபோது, அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று சின்னம்மாவிடமே கேட்டார். கனடாவில் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஊரில் இருக்கும் உறவுக்கு இதைச் செய்விக்க நினைப்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவையுங்கள்: பழைய ஷெல் காயம், காதுக்குள் பொருத்திய கருவி, இதயத்துக்குப் பேஸ்மேக்கர், எப்போதாவது வலிப்பு வந்ததா என்று. இடம்பெயர்ந்தபோது எடுத்த எக்ஸ்ரே படம் இருந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நாள் பார்க்க நேரமில்லாத அவசரம் என்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.