லிப்ரே ஆபீஸுக்கு ஆறு ஆண்டுகளாக நிரல் எழுதிய அனுபவம்

லிப்ரே ஆபீஸ் என்பது கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் இலவச, திறந்த மூல மென்பொருள். அதற்கு 2019 கடைசியில் முதல் பேட்ச், அதாவது நிரலில் ஒரு சிறு மாற்றம், அனுப்பினேன். இதுவரை நாற்பதுக்குச் சற்று மேல் பேட்ச்கள் லிப்ரே ஆபீஸில் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் சனி, ஞாயிறுகளிலும் சில இரவுகளிலும் செய்தவை. அலுவலகத்தில் இளையவர்கள் கேட்கும்போது துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் இருந்தது எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப். மூலநிரலை இறக்கவே ஒரு மாலை முழுக்கப் போனது. பில்டை, அதாவது மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலையை, தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போய் எல்லாம் நின்ற நாளும் உண்டு. நல்லவேளை, மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் பில்டுக்குத்தான் இவ்வளவு நேரம். அப்புறம் மாற்றிய கோப்பும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே மறுபடி கம்பைல் ஆகும். ஏற்கெனவே கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் என்ற கருவியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வட்டில் பல பத்து ஜிபி காலியாக இருக்கட்டும். இரண்டாம் ஆண்டில் 32 ஜிபி ராமோடு ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன், அதன்பின் பில்ட் ஒரு பிரச்சினையாகவே இல்லை.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. என் பங்களிப்புகளை எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமங்களில் தருகிறேன் என்று ஒரே ஒரு முறை எழுதித் தர வேண்டும். பதிப்புரிமை நம்மிடமே இருக்கும். லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸை சன் நிறுவனம் நடத்திய காலத்தில் பதிப்புரிமையை அவர்களோடு பகிர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் பிரிந்து வந்தபோது அந்த நடைமுறையை விட்டுவிட்டார்கள். ஆனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருக்கலாம். நான் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் தொடங்கினேன்.

புதியவர்களுக்கென்று 'ஈஸி ஹேக்' என்ற குறியோடு சின்னச் சின்ன வேலைகளைப் பக்சில்லா என்ற பிழைப்பட்டியலில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற நிரல் கோப்புகள் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஹெடர் கோப்புகளின் தலையிலும் காலிலும், அவை இருமுறை சேராமல் தடுக்க இருக்கும் பழைய பாதுகாப்பு வரிகளை எடுத்துவிட்டு, அதே வேலையை ஒரே வரியில் செய்யும் 'பிராக்மா ஒன்ஸ்' போடுவது அப்படி ஒன்று. நானும் அதில்தான் தொடங்கினேன். மாற்றம் அற்பமானதுதான். ஆனால் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், அவற்றைப் பிறர் படித்துப் பார்க்கும் கெரிட், தானாகச் சோதிக்கும் ஜென்கின்ஸ் மூன்றையும் கைக்குப் பழக்கிவிடுகிறது. பேட்ச் ஏறியதும் ஜென்கின்ஸ் அதை லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் கட்டிப் பார்க்கும். அப்புறம் ஒருவர் படித்து ஒப்புதல் தருவார். திருத்தச் சொன்னால் புது கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) போடக் கூடாது, அதே கமிட்டைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

இனி ரெவ்யூ, அதாவது அனுப்பிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்ப்பது. இத்தனை ஆண்டுகள் நான் இங்கே இருப்பதற்குக் காரணமே அதுதான். பத்து ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறேன். அலுவலகத்தில், ஸ்பிரிண்ட் எனும் குறுகிய கால வேலைச்சுற்று முடிய வேண்டும் என்ற அவசரத்தில், பெரும்பாலும் யாரும் முழுசாகப் படிக்காமலே ஒப்புதல் போட்டுவிடுவார்கள். இங்கே முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பில் வரும் உரைப்பெட்டியின் எழுத்தளவைப் படிக்கும் இடத்தில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தேன். சோதனைக்கோப்பில் ஆங்கிலம் மட்டும் வைத்திருந்தேன். ஜென்கின்ஸ் பச்சை காட்டிவிட்டது. மறுநாள் ரெவ்யூவில் ஒரு கேள்வி: "ஆசிய எழுத்துகளுக்கும் சிக்கலான எழுத்துகளுக்கும் அளவை எங்கே வைக்கிறீர்கள்?"

லிப்ரே ஆபீஸில் ஓர் எழுத்துக்கு மூன்று அளவுகள் உண்டு. ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒன்று. சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு ஒன்று. சிக்கலான எழுத்துகள் எனப்படும் தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு ஒன்று. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, எழுத்துரு எல்லாமே இப்படித்தான். வேர்ட் கோப்புக்குள்ளும் ஏறத்தாழ அதே கதை, சிக்கலான எழுத்தின் அளவுக்குத் தனிக் குறி இருக்கும். நான் முதல் அளவை மட்டும் வைத்திருந்தேன். அது அப்படியே உள்ளே போயிருந்தால், தமிழில் எழுதிய உரைப்பெட்டிக்கு என் திருத்தத்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. அதை எனக்கு நினைவூட்டியவர் தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாத ஒருவர். அன்று இரவு சோதனைக்கோப்பில் ஒரு தமிழ் வரியும் ஓர் அரபி வரியும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். அதற்கப்புறம் என் ஒவ்வொரு சோதனைக்கோப்பிலும் ஒரு தமிழ் வரி இருக்கிறது. அலுவலக வேலையிலும்கூட.

கஷ்டங்களும் உண்டு. நிரலின் வேர் 1985இல் ஜெர்மனியில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம் வரை போகிறது. பழைய ஜெர்மன் குறிப்புரைகளைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். இருந்தும் கடிதம், கட்டுரை எழுதும் பகுதியான ரைட்டரின் உட்புறத்தில் ஏன் இப்படி எழுதினார்கள் என்று புரிய நாள்கணக்கில் ஆகும். ஒரு பக்கம் எப்படி வரிகளாகப் பிரிகிறது என்பதைப் பின்தொடரவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. சி பிளஸ் பிளஸ் ஓரளவு தெரிந்தால் போதும், பொறுமைதான் நிறைய வேண்டும்.

ஒரு பக் (பிழை) எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு பைபைசெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. எனக்கு இங்கே மிகவும் பிடித்தது அதுதான். வரிசையாகப் பல கமிட்களுக்கு முன்கூட்டியே கட்டிய பில்ட்களை ஒரு கிட் களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றைத் திறந்து பார்ப்போம். பக் இருந்தால் தேட வேண்டியது முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி. நாலாயிரம் பில்ட் இருந்தாலும் பன்னிரண்டு முறை திறந்து மூடினால் குற்றம் செய்த கமிட் கையில். எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். என் தங்கை, பள்ளி ஆசிரியை, ஒரு விடுமுறையில் இப்படி ஒரு பக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

எல்லாத் திட்டங்களும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் வேறொரு சின்ன லைப்ரரிக்கு (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒரு திருத்தம் அனுப்பினேன். ஏழு மாதம் யாரும் பார்க்கவில்லை. பிறகு தானியங்கி ஒன்று வந்து 'நீண்ட நாளாக அசைவில்லை' என்று மூடிவிட்டுப் போனது. அந்த வருத்தம் ஆற எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் கடந்த மூன்று மாதத்தில் வெளியாள்களின் பேட்ச் எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் நிரலைத் திறப்பேன்.

லிப்ரே ஆபீஸிலும் காத்திருப்பு உண்டு. அந்தப் பகுதியை அறிந்தவர் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெளியீடு வரும். அதை ஒட்டிய வாரங்களில் புது வசதிகளை அனுப்பிவிட்டுப் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

மாதம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் தாராளமாக வரலாம். வேலை தேடும்போது காட்டுவதற்காக மட்டும் என்றால் மூன்றாவது பேட்சிலேயே சலித்துவிடும், அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். நான் வீட்டுக் கணக்கை லிப்ரே ஆபீஸின் கணக்கு அட்டவணையான கால்க்கில் எழுதுகிறேன், அப்பாவின் கடிதங்களை ரைட்டரில் தட்டித் தருகிறேன். உறுத்துவது தானாகக் கண்ணில் படும்.

இப்போது ஒரு பேட்ச் ரெவ்யூவில் நிற்கிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் பச்சை, மேக்ஓஎஸ்ஸில் மட்டும் ஒரு சோதனை விழுகிறது. என்னிடம் மேக் இல்லை. ஜென்கின்ஸின் பதிவைப் பாதி வரை படித்திருக்கிறேன், மீதியை இன்று இரவு பார்க்க வேண்டும்.