ஹன்ஸ்லெட்டா, பால்ட்வினா, போர்ட்டரா?

குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நாலடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்று கிடக்கிறது. அதன்மேல் மாடல் ரயில் ஓடுகிற ஒரு குட்டித் தங்கச் சுரங்கம்: குழிக்கு மேல் இரும்புக் கோபுரம், கல்லை அரைக்கும் மில், தங்கம் எடுத்தபின் மிஞ்சும் மண்ணான சாம்பல் நிறச் சயனைடு மேடு. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயலில் தாத்தா வேலை பார்த்தவர். அந்த நினைப்பில் கட்டியது, மற்றபடி கற்பனைதான். குழிக்குள்ளே நீராவி எஞ்சின் விட்டால் புகையில் ஆள் பிழைக்கமாட்டான். அதனால் எஞ்சினுக்குத் தரைக்கு மேலேதான் வேலை, கோபுரத்தடியிலிருந்து மில்லுக்குக் கல் டிராலி இழுக்கவேண்டும். எந்த எஞ்சின் என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் ஆறு மாதமாக இழுபறி.

என் கட்சி ஹன்ஸ்லெட். வேல்ஸின் ஸ்லேட் குவாரிகளுக்காக லீட்ஸ் நகரில் செய்த வகை. முதுகில் சேணம் போட்டதுபோலத் தண்ணீர்த் தொட்டி, மொத்தமே நான்கு சக்கரம். 1:76 அளவில், அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்காக, 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும். பெருக்கிப் பார்த்தால் 684 மி.மீ., இரண்டடிப் பாதைக்குக் கொஞ்சம் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அழகில் இதை அடிக்க ஆளில்லை.

தொல்லை பாயிண்டில், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் வரும். கரண்ட் ஏறுவது சக்கரம் வழியாக. பாயிண்ட் நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டில் ஒரு சக்கரமும், அதே பக்கத்து இன்னொன்று தூசியிலும் நின்றால் எஞ்சின் செத்த மாதிரி நின்றுவிடும். வேகமாக விட்டால் தாண்டிவிடும், சரி. ஆனால் கல் இழுக்கிற எஞ்சின் எக்ஸ்பிரஸ் மாதிரிப் பறந்தால் பார்க்கச் சகிக்குமா?

தூசியில் என் தப்பும் உண்டு. எங்கள் ஊரில் கிரானைட் தூளுக்கா பஞ்சம்? அள்ளிவந்து பாதையோரம் கொட்டினேன். ஒருநாள் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தால் மோட்டாரடியில் கறுப்பாக மீசை முளைத்திருக்கிறது, தூளிலிருந்த இரும்புத் துகள்! இப்போதெல்லாம் காந்தத்தால் துழாவிய பிறகுதான் தூவுகிறேன்.

பால்ட்வின் அதே 1:76. 1916-17இல் போர்முனைப் பாதைகளுக்காக அமெரிக்காவில் 495 செய்தார்கள். போருக்குப் பின் சில நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகளுக்கும் வந்தன. சக்கரம் பத்து, பாயிண்டில் நிற்காது. ஆனால் என் வளைவில் திரும்பும்போது மூக்கு வெளியே நீண்டு கல் தொட்டியை இடித்தது. கரும்பு இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் கட்சி போர்ட்டர், பிட்ஸ்பர்க் எஞ்சின். 1:48 அளவு, 16.5 மி.மீ. தண்டவாளம், நிஜத்தில் 792 மி.மீ., அதாவது இரண்டரை அடிப் பாதை. இதற்கும் நான்கே சக்கரம், ஆனாலும் கனம் தண்டவாளத்தை அமுக்கிப் பிடிப்பதால் நிதானமாக ஊரும். ஆள் பொம்மையும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும், முண்டாசின் மடிப்பைக்கூட வரையலாம். என் வயதுக் கண்ணுக்கு அது பெரிய ஆசை. ஆனால் கோபுரம்? நிஜத்தில் 75 அடி என்று வைத்தால் 1:76இல் ஓரடி, 1:48இல் ஒன்றரை அடியைத் தாண்டும். என் பலகைக்கு மேலே பரண். அப்புறம் மில், மேடு எல்லாவற்றையும் இடித்துக் கட்டவேண்டும்.

எஞ்சினை மாற்றாமல் பாயிண்டை மாற்றினேன். நடுத்துண்டும் உலோகமான பாயிண்ட் போட்டு, பாதை திரும்பும்போது அதற்கும் கரண்ட் மாறுகிற மாதிரி சுவிட்ச் வைத்தேன். இப்போது ஹன்ஸ்லெட் ஆறு டிராலியோடு மூச்சுவாங்குகிற மாதிரி மெல்லக் கடக்கிறது. மச்சான் இன்னும் போர்ட்டரைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பரணைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.