பாக்கெட் கடிகாரமா, கைக்கடிகாரமா? சேகரிப்பவர் பார்வையில் ஓர் ஒப்பீடு

பழைய கடிகாரங்களின் மேல் ஆசை வைப்பவர்கள் விரைவிலேயே இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒன்று, 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பாக்கெட் கடிகாரம். மற்றொன்று, 1940-களிலிருந்து 1960-கள் வரை வந்த, தினமும் சாவி கொடுக்க வேண்டிய சாதாரண கைக்கடிகாரம். இரண்டையும் வாங்கி, ஓடவிட்டு, சர்வீஸ் செய்து பார்த்த பிறகு நான் கைக்கடிகாரத்தின் பக்கம் நின்றுவிட்டேன். பாக்கெட் கடிகாரங்களில் ஒரு வகையை மட்டும் இன்னும் விடாமல் தேடுகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் கட்டிக்கொள்ளலாம், அன்றாடம் பயன்படும், சிறிய இடத்தில் அடங்கும் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அழகு என்று பார்த்தால் பாக்கெட் கடிகாரமே ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அதன் எனாமல் டயல் உலோகத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கிச் சுட்டது. கீழே விழாமல் இருந்தால் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வெண்மையுடன் இருக்கும். கைக்கடிகாரத்தின் வர்ணம் பூசிய டயலோ ஈரத்தாலும் வெயிலாலும் புள்ளி விழுந்து மஞ்சளாகிவிடுகிறது. பின்மூடியைத் திறந்தால் தெரியும் மெஷினின் வேலைப்பாட்டிலும் பெரிய கடிகாரமே கண்ணை நிறைக்கிறது. அப்படியிருந்தும் என் தேர்வு வேறாக அமைந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: பழுதானால் அதை மீண்டும் ஓட வைக்க முடியுமா என்ற கேள்வி.

எந்தப் பழைய கடிகாரமும் ஒரு நாள் நின்றே தீரும். எண்ணெய் காய்ந்து பிசினாகிறது; அந்தப் பிசினில் தூசி சேர்ந்து, சக்கரங்களின் அச்சு முனைகளை அரம்போல் தேய்க்கிறது. சுருள்வில் வலுவிழக்கிறது அல்லது முறிகிறது. கடிகாரம் கைதவறி விழுந்தால் முதலில் உடைவது, முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தைச் சீராக்கும் பாலன்ஸ் வீல் என்ற சக்கரத்தின் அச்சு. கனமான அந்தச் சக்கரம் முழுவதையும் தாங்கும் அச்சு முனைகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ளவை. இவற்றில் எது நேர்ந்தாலும் அடுத்த கேள்வி உதிரி பாகம் கிடைக்குமா என்பதே. கடிகாரத்தின் வயதோ, டயலில் உள்ள பெயரின் மதிப்போ அங்கே உதவிக்கு வராது.

பழைய ஆங்கிலேயப் பாக்கெட் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் கூம்பு வடிவிலான ஃப்யூஸீ என்ற உறுப்பும், அதன் மேல் சுற்றிக்கொள்ளும் மயிரிழை போன்ற சங்கிலியும் இருக்கும். சுருள்வில் தளரத் தளர அதன் இழுவிசை குறைவதை ஈடுகட்டிச் சீரான விசையைக் கொடுப்பதற்காக அமைந்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கடிகாரத்தின் ஒவ்வொரு பாகமும் கையால் ராவி, அந்த ஒரு கடிகாரத்துக்கென்றே பொருத்தப்பட்டது. பார்வைக்கு அச்சாக அதைப் போலவே இருக்கும் இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுத்த பாகம் இதில் அப்படியே சேராது. 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமாக வந்த சிலிண்டர் வகைச் சுவிஸ் கடிகாரங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றில் சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடும் எஸ்கேப் வீலின் பற்கள், பாலன்ஸ் வீலின் அச்சாக அமைந்த சிலிண்டர் என்ற சிறு குழலின் மேல் ஓயாமல் உராய்ந்துகொண்டே இருப்பதால் தேய்மானம் அந்த அமைப்பிலேயே உள்ளது. தேய்ந்த சிலிண்டருக்குப் பதிலாக வேறொன்றைக் கடைசலில் கடைந்து செய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் கிடைத்தாலும் அவருக்குக் கொடுக்கும் கூலி கடிகாரத்தின் விலையைத் தாண்டிவிடுவது வழக்கம்.

இதற்கு நேர்மாறானது 1950-களின் சுவிஸ் கைக்கடிகாரம். அக்காலத்து நிறுவனங்களில் பல, தங்கள் மெஷினைத் தாங்களே செய்யவில்லை. ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப்., பெஸோ, யூனிடாஸ், ஈட்டா போன்ற மெஷின் தயாரிப்பாளர்களிடம் வாங்கி, தங்கள் டயலையும் கேஸையும் சேர்த்து விற்றன. ஆகவே, இன்று யாருக்கும் நினைவில் இல்லாத பெயர் டயலில் இருந்தாலும், உள்ளே இருப்பது லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கேலிபராக, அதாவது மெஷின் மாதிரியாக, இருக்கக்கூடும். பின்மூடியைத் திறந்து பாலன்ஸ் வீலின் அருகிலோ அடியிலோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தயாரிப்பாளரின் சிறு முத்திரையும் கேலிபர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் தெரிந்துவிட்டால் பாலன்ஸ் அச்சு, கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) தண்டு, சுருள்வில் எல்லாவற்றையும் அதைக் கொண்டே தேடலாம். புதிதாகக் கிடைக்காவிட்டாலும், அதே கேலிபர் உள்ள ஓடாத கடிகாரம் ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நான் கடிகாரம் வாங்கும்போது பெயரைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எண்ணைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை வளர்ப்பதில்லை.

பெரிய பெயர் வேண்டுமென்பவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒமேகா 1939-இல் அறிமுகப்படுத்திய 30 மி.மீ. மெஷின் வரிசை 1963 வரை சுமார் 30 லட்சம் அளவில் செய்யப்பட்டது. பெரிய பாலன்ஸ் வீல், எளிய அமைப்பு, தாராளமான எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததால் பழுதுபார்ப்பவர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் மெஷின் அது. 1934-இல் வந்த இன்காப்லாக் அதிர்வுத் தடுப்பும் பிற்காலக் கைக்கடிகாரங்களுக்குக் கூடுதல் பலம். பாலன்ஸ் வீலின் நடுவிலுள்ள கல்லை யாழ் வடிவிலான ஒரு மெல்லிய வில் பிடித்திருந்தால் அது இன்காப்லாக் என்று அறியலாம். அடி விழும்போது கல் சற்றே நகர்ந்து அச்சைக் காப்பாற்றிவிடுகிறது. பாக்கெட் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி, நான் விலக்காக வைத்திருக்கும் வகை. அமெரிக்காவின் எல்ஜின், வால்தம், ஹாமில்டன் நிறுவனங்களின் பாக்கெட் கடிகாரங்கள், பாகத்துக்குப் பாகம் மாற்றிப் பொருத்தும் வகையில் இயந்திரங்களால் செய்யப்பட்டவை. எல்ஜின் மட்டுமே தன் வாழ்நாளில் ஏறத்தாழ 6 கோடி கடிகாரங்களைச் செய்தது. மெஷினில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்த மாதிரி, எத்தனை ஜுவல் (அச்சுகளைத் தாங்கும் கல்) என்பதையெல்லாம் பட்டியல்களில் பார்த்துவிடலாம். 1891-இல் ஓஹையோ மாநிலத்தின் கிப்டனில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, வெப் பால் என்ற நகைக்கடைக்காரர் ரயில்வே கடிகாரங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பேற்றார். அதன் தொடர்ச்சியாக உருவான விதிமுறைகள் குறைந்தது 17 ஜுவல், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேற்படாத பிழை என்று கறாராக வரையறுத்தன. அந்தத் தரத்தில் செய்தவை இன்றும் சர்வீஸ் செய்தால் நேரம் தவறாமல் ஓடுகின்றன. ஒரு குறை மட்டும் உண்டு: மெஷினையும் கேஸையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து வாங்கும் வழக்கம் அங்கே இருந்ததாலும், பின்னாளில் பல தங்கக் கேஸ்கள் உருக்கப்பட்டதாலும், முதன்முதலில் பொருத்திய கேஸ்தானா இது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

கைக்கடிகாரத்திலும் ஏமாற்று உண்டு. மங்கிய டயலின் மேல் புதிதாக வர்ணம் பூசி எழுதி விற்பது மிகப் பரவலானது. எழுத்துகளின் விளிம்பு கலங்கியிருப்பதும், நிமிடக் கோடுகள் மணிக் குறியோடு நேராக நிற்காததும் அதைக் காட்டிக்கொடுக்கும். இயல்பாக மூப்படைந்த டயல் கறைபட்டதாக இருந்தாலும் நான் அதையே எடுப்பேன். மறுவிற்பனையிலும் அதற்கே மதிப்பு. கேஸை அளவுக்கு மீறிப் பாலிஷ் செய்தால் விளிம்புகள் மழுங்கிவிடும், பிறகு அவற்றைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல. இருட்டில் ஒளிர்வதற்காகக் கதிரியக்கமுள்ள ரேடியம் பூசிய டயல்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. ஒளிரும் வேதிப்பொருள் சிதைந்து ஒளி நின்றுபோயிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். மூடிய கடிகாரத்தைப் பெட்டியில் வைத்திருப்பது வேறு, அந்தத் தூளைச் சுரண்டுவதும் மூச்சில் இழுப்பதும் வேறு. டயல் முகப்பின் கீழ் ஓரத்தில் 'சுவிஸ்' என்ற சொல்லை ஒட்டி ஆங்கில 'டி' (T) எழுத்து இருந்தால், பூசியிருப்பது டிரிடியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம் என்பதால் அவ்வளவு அச்சம் தேவையில்லை.

தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களை நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன். பாகங்கள் அதிகம், சுழலும் எடையின் அச்சு தேய்வதும் அதிகம். 1960-இல் வந்த புலோவா அக்யூட்ரான் போன்ற இசைக்கவைக் கடிகாரங்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஆகவே, இது குறைந்த அனுபவத்திலிருந்து வரும் கருத்து. விநாடிக்கு 360 முறை அதிரும் அதன் ரீங்காரம் ஆசையைத் தூண்டுவது உண்மைதான். ஆனால், 2.4 மி.மீ. அகலச் சக்கரத்தில் 300 பற்கள் என்னும் நுட்பத்தில் கை வைக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாதவரை நான் அதை வாங்கமாட்டேன்.

ரயில்வே பாக்கெட் கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தற்செயலாக நேரம் மாறிவிடக்கூடாது என்பதற்காக அவற்றில் கிரவுனை இழுத்தே முள்ளைத் திருப்பும் வழியை வைக்கவில்லை. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, டயலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை நகத்தால் வெளியே இழுத்த பிறகுதான் கிரவுனைத் திருகி நேரம் வைக்க முடியும். இது தெரியாமல் கிரவுனை மேலே இழுத்து வம்பு செய்பவர்கள் பலர். நேரம் வைத்தபின் நெம்புகோலை உள்ளே தள்ளாமல் வளையத்தை மூடித் திருகினால், அதுவரை பழுதில்லாமல் வந்த எனாமல் டயல் அந்த இடத்தில் சில்லு பெயர்ந்துவிடக்கூடும்.