கொவிட் காலத்துத் தமிழ்ச் செய்திகளும் எங்கள் வட்டாரச் சமூக மன்றமும்: சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு விமர்சனம்

போன வாரம் அம்மாவுக்குப் புது போன் வாங்கி, பழைய போனில் இருந்ததையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் கவ்.எஸ்ஜி என்ற சிங்கப்பூர் அரசாங்கத் தகவல் சேவையிலிருந்து வந்த செய்திகள் 2020லிருந்து அப்படியே கிடந்தன, அம்மா ஒன்றைக்கூட அழிக்கவில்லை. மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் விமர்சனம் எழுதுகிற நாம், அந்த இரண்டு மூன்று வருடம் நம் வீட்டுப் பெரியவர்களைத் தாங்கிப் பிடித்த சேவைக்கு ஒன்றும் எழுதவில்லையே என்று தோன்றியது. அதான் இது.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். ஈசூனில், சோங் பாங் சந்தைக்கு நடக்கிற தூரத்தில், வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், மலாய் பேசுவார், ஆங்கிலம் காதில் விழுந்தால் பாதி புரியும். அதனால் எந்த அரசாங்கக் கடிதம் வந்தாலும் நான் வேலை முடிந்து வரும்வரை மேசைமேல் காத்திருக்கும்.

2020 ஜனவரி 23ஆம் தேதி முதல் தொற்று உறுதியானது. பிப்ரவரி 7ஆம் தேதி எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்குப் போனதும் பேரங்காடிகளில் அரிசி, மீ, கழிப்பறைத் தாள் எல்லாவற்றுக்கும் வரிசை நின்றது நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய குரல் பதிவு ஒன்று, கடைகளையெல்லாம் மூடப் போகிறார்கள் என்று. அம்மா அன்று இரவு தூங்கவில்லை. நான் சொன்னால் நம்பவில்லை, "நீ என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே" என்றார். அதுதான் பிரச்சினையே. பயந்த மனுஷிக்கு மகள் சொல்வது போதாது, தன் கண்ணால் படிக்க வேண்டும்.

அப்புறம்தான் இந்த வாட்ஸ்அப் சேவையில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழியில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரிந்து அம்மாவின் எண்ணைச் சேர்த்துவிட்டேன். இலவசம்தான். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு செய்தி வரும், சில நாள் கூடுதலாக. எத்தனை பேருக்குத் தொற்று, அதில் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனை, சமூகத்தில் எத்தனை, நாளை முதல் எது மாறுகிறது. அவ்வளவுதான். வளவளவென்று இருக்காது. எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன கட்டுப்பாடுகளைச் சர்க்யூட் பிரேக்கர் என்று டிவியில் கேட்டபோது அம்மாவுக்கு வீட்டு மின்பெட்டிதான் நினைவுக்கு வந்தது, ஏன் இதற்குப் போய் பிரதமர் பேசுகிறார் என்று கேட்டார். தமிழில் 'முறியடிப்பு' என்று படித்த பிறகு எனக்கு விளக்கவே வேலையில்லை.

இந்தச் சேவை எவ்வளவு உதவியது என்று எனக்குப் புரிந்த நாள் ஏப்ரல் 21. முந்தின நாள்தான் 1,426 பேர் என்று வந்திருந்தது, அதுவரை ஒரே நாளில் அவ்வளவு இல்லை. 21ஆம் தேதி மாலை பிரதமர் லீ சியன் லூங் கட்டுப்பாடுகளை ஜூன் 1 வரை நீட்டிப்பதாக அறிவித்தார். கூட்டம் அதிகமாக வரும் நான்கு சந்தைகளுக்கு மறுநாள் முதல் புது விதி: அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஒற்றைத் தேதியில், இரட்டையென்றால் இரட்டைத் தேதியில் மட்டும் உள்ளே போகலாம். கேலாங் சராய், ஜூரோங் வெஸ்ட் 505, மார்சிலிங் லேன், அப்புறம் எங்கள் சோங் பாங். நான் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு எதையும் பார்க்காமல் சமையலறைக்கு வந்தால், அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மீன் வாங்கப் போகாதே, நாளைக்கு 22, உன் நம்பர் ஒற்றை, வியாழக்கிழமை போ" என்கிறார். அதுவரை எங்கள் வீட்டில் செய்தி என்னிடமிருந்து அம்மாவுக்குப் போகும், அன்றைக்குத் திசை மாறிவிட்டது. அதற்குப் பிறகு கட்டுப்பாடு எதுவானாலும் அம்மாதான் சொல்வார். பக்கத்து வீட்டு மக்சிக்குக்கும் (மலாயில் அத்தை என்று அர்த்தம்) மலாயில் சொல்வார், அவர் தன் போனில் மலாய்ச் செய்தியைப் பார்த்துச் சரிபார்ப்பார், இரண்டு பேரும் கதவுக் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு.

சரி, செய்தி மட்டும் இருந்து என்ன செய்ய. சமூக மன்றத்தையும் வசிப்போர் குழுவையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த விமர்சனம் நியாயமாக இருக்கும். பிப்ரவரி தொடக்கத்தில் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுத்தார்கள், நாடு முழுக்க 13 லட்சம் வீடுகளுக்கு. மார்ச்சில் தெமாசெக் அறநிறுவனம் கைச்சுத்திகரிப்பான் கொடுத்தது, காலி போத்தலை நாமே கொண்டுபோக வேண்டும். ஏப்ரலில் துவைத்துப் போடும் துணிக் கவசம். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது என்று தெரிந்ததால் வீணாக அலையவில்லை.

அதே ஏப்ரலில்தான் என் கணவருக்கு வருமானம் நின்றது. சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவர், பயணிகளே இல்லை. வேலையோ வருமானத்தில் 30 விழுக்காடோ போனவர்களுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தற்காலிக நிவாரணம் என்று வந்தது, சமூக மன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வேறொரு இடத்தின் தொலைபேசிச் சேவையை அழைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்து, கடைசியில் இணைப்பு துண்டிக்கப்பட்டுப் போயிருந்தோம், பெயர் சொல்ல விரும்பவில்லை. மன்றத்தில் ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, ஒரு சீன இளைஞர், தொண்டூழியர், கணவருக்குப் பக்கத்தில் நின்று படிவத்தை ஒவ்வொரு வரியாக நிரப்ப உதவினார். கை நீட்டி வாங்குகிற கூச்சத்தில் என் கணவர் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் போகும்போது "சாப்பிட்டீங்களா அங்கிள்" என்று தமிழில் கேட்டானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. 500 வெள்ளி ஒரு மாத மளிகைக்கும் மின் கட்டணத்துக்கும் போய்விட்டது, அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

2021இல் தடுப்பூசியும் அதே சமூக மன்றத்து அரங்கில்தான். அம்மா முதலில் தயங்கினார். ஜூன் 2 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் முன்பதிவு இல்லாமலே வரலாம் என்று சொன்னதும், மக்சிக்கும் அம்மாவும் சேர்ந்து போய் வந்துவிட்டார்கள், என்னிடம் கேட்கக்கூட இல்லை.

குறை இல்லாமல் இல்லை. டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச்சில் வந்தபோது தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று நம்பினோம். செயலிக்குப் பதிலாகக் கொடுத்த சின்னக் கருவியை அம்மா பர்சில் வைக்காமல் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு போவார். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அந்தத் தகவலைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பிப்ரவரியில் சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள், அது சரி. ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். தினமும் ஒழுங்காகச் செய்தி சொல்லிச் சேர்த்த நம்பிக்கை அது.

இன்னொன்று மனத்தை அழுத்துவது. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோல், தோ குவான் விடுதிகள் இரண்டையும் தனிமைப்படுத்தினார்கள், ஏறக்குறைய 20,000 பேர். அதில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பிள்ளைகள். என் சித்தி மகன் வேறொரு விடுதியில் இருந்தான், புதுக்கோட்டையில் சித்திக்கு நான்தான் தினமும் போன் செய்து அவன் நலம் சொல்வேன். சாப்பாடு வந்தது, வைஃபை வந்தது, சம்பளமும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாமெல்லாம் ஐந்து ஐந்து பேராக வெளியே சாப்பிடப் போன பிறகும், விடுதியிலிருந்து வெளியே வர அவனுக்கு அனுமதி வேண்டியிருந்தது, 2022 ஜூன் வரைக்கும். எங்கள் புளோக்கில் கிடைத்த கவனிப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவும் தன் போனில் வரும் எண்ணிக்கையைப் படிக்கும்போது முதலில் விடுதிக் கணக்கைத்தான் பார்ப்பார்.

மதிப்பெண் கேட்டால், தமிழ்ச் செய்திச் சேவைக்கு 5க்கு 5. சமூக மன்றத்துக்கும் தொண்டூழியர்களுக்கும் 5. விடுதி ஊழியர்களை நடத்திய விதத்துக்கு என்னால் 2க்கு மேல் கொடுக்க முடியவில்லை.

போன் மாற்றும்போது இடம் போதவில்லை, பழைய செய்திகளை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். படங்களை வேண்டுமானால் அழி, அது இருக்கட்டும் என்றார். இரவு பதினொன்றுவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன்.