மலைமேல் மூன்று நாள் முகாமா, வாரந்தோறும் வீட்டுக் கூடுகையா?

சேலத்துச் சபைகள் சிலவற்றில் ஈஸ்டர் முடிந்ததும் வாலிபர் ஐக்கியக் குழுவினரிடையே ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். பதின்ம வயதுப் பிள்ளைகளை மே விடுமுறையில் ஏற்காட்டுக்கு மூன்று நாள் முகாமுக்கு அழைத்துச் செல்வதா, அந்தப் பணத்தையும் உழைப்பையும் ஆண்டு முழுவதும் ஒருவர் வீட்டில் வாரம் ஒரு மாலை கூடும் சிறு குழுவுக்குத் தருவதா என்பதே அந்த வழக்கு. இரண்டிலும் பல ஆண்டுகள் பங்கெடுத்தவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து இவ்விரண்டையும் எடைபோட விரும்புகிறேன். நண்பர்கள் எல்லாரும் முந்திச் செல்வதாகத் தோன்றும் வயதில், தேவனுடைய வேளைக்குக் காத்திருக்க ஒரு பிள்ளைக்கு எது கூடுதலாக உதவுகிறது?

நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் "உனக்கு இன்னும் ஆள் இல்லையா?" என்று தோழிகள் கேட்பது ஒரு வகை. நீட் தேர்வில் இடம் கிடைக்காமல், நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பயிற்சி மையத்தில் 'ரிப்பீட்டர்' என்ற பெயரோடு மறுபடியும் படிக்கும் மாணவன், பழைய வகுப்புத் தோழனின் வெள்ளைக் கோட்டுப் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பார்ப்பது இன்னொரு வகை. முன்னதைப் பற்றியே நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் பேசுகின்றன. பின்னது பிள்ளைகளை அதிகமாக வாட்டுகிறது என்பது என் கணிப்பு. இரண்டுக்கும் தீர்வாகக் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரின் வழி ஒன்றும் இருக்கிறது. பூட்டி வைத்த பேசியால் யாரும் காத்திருக்கக் கற்றதை நான் கண்டதில்லை என்பதால் அதைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை.

முகாமின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறித்தவர்கள் 6.12 விழுக்காடு, சேலமோ கன்னியாகுமரியைப் போலக் கிறித்தவர்கள் மிகுந்த மாவட்டமும் அன்று. வகுப்பில் தன்னைப் போல் ஓரிருவரை மட்டுமே அறிந்த மாணவன், தன் வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் ஒரே மண்டபத்தில் பாடுவதைக் கேட்கும்போது, தான் மட்டும் விசித்திரமானவன் அல்லன் என்று முதன்முறையாக உணர்கிறான். அந்த உணர்வை எந்த வேதபாட வகுப்பாலும் தர இயலாது. மலையின் குளிரும், ஏரிக்கரை நடையும், ஊரிலிருந்து விலகியிருப்பதும் பேசத் தயங்கும் பிள்ளைகளையும் பேச வைக்கின்றன.

ஆயினும் முகாமின் கடைசி இரவில் நடப்பதுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது. நெருப்பு மூட்டி, சுற்றி அமர்ந்து, "காத்திருந்தால் தேவன் உனக்கு இதைவிடச் சிறந்ததைத் தருவார்" என்று பேச்சாளர் சொல்ல, பிள்ளைகள் கண்ணீரோடு கையுயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். இது காத்திருத்தலைக் கொடுக்கல் வாங்கலாக மாற்றிவிடுகிறது. ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் புறப்பட்டு நூறாவது வயதில்தான் வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கைக் கண்டான் என்பதைச் சொல்லும் நாம், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தவர்களை எபிரெயர் 11 பட்டியலிடுவதைச் சொல்லாமல் விடுகிறோம். மலையிலிருந்து இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வருவதற்குள் பேசிகளில் மூன்று நாள் செய்திகள் வந்து குவிந்துவிடுகின்றன. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தப் பேச்சாளர் வேறொரு ஊரில் இருப்பார்.

வீட்டுக் கூடுகைக்கு இந்தப் பரபரப்பு கிடையாது. ஆறேழு பிள்ளைகள், ஒரு தம்பதியர், ஒரு பானைச் சுண்டல், ஒரு வேதபகுதி, அவ்வளவுதான். என் அனுபவத்தில் அங்கே மிகுந்த பயன் தந்த பகுதி யோசேப்பின் கதை அன்று, 1 சாமுவேல் 13 தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து பலி செலுத்தும்வரை ஏழு நாள் காத்திருக்கும்படி இஸ்ரவேலின் அரசன் சவுலிடம் சொல்லப்பட்டிருந்தது. அவனும் ஏழு நாள் காத்திருந்தான். கில்காலில் சாமுவேல் வரத் தாமதமானது. ஜனங்கள் அவனை விட்டுச் சிதறிப்போகத் தொடங்கினார்கள். அவன் தானே பலி செலுத்தினான். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நின்றார். தன் செயலுக்குச் சவுல் சொன்ன காரணங்களில் முதலாவது, ஜனங்கள் சிதறிப்போனார்கள் என்பதே. இதை வாசித்த ஒரு மாணவன், "அண்ணா, அவருக்கு நாள் கணக்கு பிரச்சினை இல்லை, ஆள் கணக்குதான் பிரச்சினை" என்றான். நண்பர்கள் விலகுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் காத்திருப்பைத் தாங்க முடியாததாக்குகிறது என்பதை அந்தப் பிள்ளை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டான். முகாமில் அறுபது பேர் நடுவே இப்படி ஒரு வாக்கியம் வெளிவந்திருக்காது.

கூடுகையின் இன்னொரு நன்மை, பெரியவர்களின் முடிவு பெறாத காத்திருப்பைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்ப்பது. மேடையில் சாட்சி சொல்பவர் பதில் கிடைத்த பிறகே ஏறுகிறார். வேலை இழந்து எட்டு மாதமாகியும் பதில் வராத ஒருவர், அந்த வாரமும் பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசிப்பதைக் கேட்ட பிள்ளைகள், முறையிடுவதும் விசுவாசத்துக்குள் அடங்கும் என்று யாரும் விளக்காமலே புரிந்துகொள்கிறார்கள்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. ட்யூஷன் நேரத்தோடு மோதாத மாலை கிடைப்பது அரிது. பெண் பிள்ளைகள் எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். வீட்டில் கொண்டுவிடும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும். அங்கே பேசியது பெற்றோர் காதுக்குப் போய்விட்டால் அன்றோடு குழு முடிந்தது. சிறிய சபைகளில் இது பலமுறை நடந்திருக்கிறது. விடுதியில் இருக்கும் ரிப்பீட்டர் மாணவன் வாராவாரம் வர இயலாது. பேசுவதற்கு விடுதி அனுமதிக்கும் நேரத்தில் அவனை அழைப்பதைக் குழுவே ஒரு கடமையாக வைத்துக்கொண்டால் தவிர, மிகவும் தேவையுள்ளவனே விடுபட்டுப் போவான். இவையெல்லாம் இருந்தும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் வீட்டுக் கூடுகையையே தேர்ந்தெடுப்பேன்.

மலையை விட்டுவிட வேண்டியதில்லை. மாதத்தை மாற்றினால் போதும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அராபிகா காபிச் செடிகள் மார்ச், ஏப்ரல் மாதக் கோடை மழையில் பூக்கின்றன. மே மாத முகாமுக்குப் போகும் பிள்ளைகள், கவனித்தால், கிளைகளில் பச்சை மணிகளை மட்டுமே பார்ப்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பறிப்புக் காலத்தில் போனால் ஒரே கிளையில் சிவந்த பழமும், மஞ்சளோடிய காயும், முற்றாத பச்சைக்காயும் நெருங்கி நிற்கக் காணலாம். நல்ல காபிக்காகப் பறிப்பவர்கள் சிவந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருகிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை இது: மூன்று நாள் முகாமுக்கு மாற்றாக, வீட்டுக் குழுவை டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அரசுப் பேருந்தில் மேலே அழைத்துச் செல்லுங்கள், கிறிஸ்துமஸ் கேரல் பவனி தொடங்குவதற்கு முந்திய வாரம் வசதியானது. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அங்கே பேச்சாளர் வேண்டாம். பறிக்கும் அம்மா ஒருவரிடம், எதை எடுப்பது எதை விடுவது என்று எப்படித் தெரிகிறது என்பதைப் பிள்ளைகளே கேட்கட்டும். அவருக்கும் வேலை இருக்கும் என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் அவரை நிறுத்தி வைக்க வேண்டாம்.