சுங்கை சிப்புட்டில் குண்டுமல்லி: 2018 முதல் வளர்த்துப் பார்த்த அனுபவம்

நம் ஊர் மண்ணில் குண்டுமல்லி பூக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் பூக்கும், ஆனால் கையில் கத்தரி வேண்டும். 2018இல் வாங்கிய இரண்டு செடிகள் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. ஒன்று வேலியோரம் தரையில், மற்றொன்று பெரிய பூச்சாடியில். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்தச் செடி இலைக்குக் குறை வைக்காது. பூவுக்குத்தான் நாம் மெனக்கெட வேண்டும்.

காரணம் பருவநிலை. தமிழ்நாட்டில் மல்லிகைத் தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில் செடியை வெட்டிவிடுவார்கள். குளிர் மாதங்களில் அது அடங்கிக் கிடந்து, வெயில் ஏற ஏற மார்ச்சிலிருந்து பூத்துக் கொட்டும். பேராக்கில் அப்படியோர் ஓய்வே கிடையாது. வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி. மழை மட்டும் கூடும், குறையும். அடங்கிக் கிடக்கக் காலமே வராததால் செடி கொடி மாதிரி நீண்டுகொண்டே போகும். பச்சைப்பசேல் என்று இருக்கும், பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை எவ்வளவு காலம் காப்பாற்றினாலும் அதில் பயன் இல்லை. வெட்டினால் தளிர், தளிர் வந்தால் மொட்டு. அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. தோட்டத்து நர்சரியில் பல வருடம் வேலை பார்த்தவர். செடி இடுப்புயரம் வந்திருந்தபோது முழங்கால் அளவுக்கு வெட்டச் சொன்னார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "பயப்படாம வெட்டுங்க தங்கச்சி, இது செத்துப் போற சாதி இல்ல" என்றார். காய்ந்த கிளை, உள்பக்கமாக வளர்ந்த கிளை, பென்சிலைவிட மெலிந்த கிளை எல்லாவற்றையும் எடுத்தோம். மீதமிருந்த இலைகளையும் கையால் உருவிவிட்டார். மூன்றாவது வாரம் தளிர் வந்தது. இரண்டு மாதம் ஆவதற்குள் ஒவ்வொரு நுனியிலும் கொத்துக் கொத்தாக மொட்டு. அன்றிலிருந்து வருடத்துக்கு இருமுறை பெரிய வெட்டு, நடுவில் ஒரு கொத்து பூத்து முடிந்ததும் அந்தக் கிளையை இரண்டு கணு கீழே கிள்ளுவது என்று வைத்திருக்கிறேன். இரண்டு செடிகளையும் ஒரே சமயத்தில் வெட்டுவதில்லை. ஒன்றை வெட்டி ஒரு மாதம் கழித்து மற்றதை வெட்டினால் வீட்டில் பூ இல்லாத நாள் குறைவு.

தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்தில் வெட்டுகிறேன். அந்த வருடம் பூசம் பிப்ரவரியில் விழுந்தால் கொஞ்சம் தள்ளி வெட்டலாம். இது பெரும்பாலும் சரியாக வருகிறது, ஏனென்றால் ஜனவரி, பிப்ரவரியில் எங்கள் பக்கம் மழை குறைவு. தீபாவளிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் கடைசியில் வெட்டினால் அக்டோபரில் மொட்டு வந்துவிடும். ஆனால் அது அடைமழைக் காலம். மாலையில் விரிய வேண்டிய மொட்டு மழையில் ஊறிப் பழுப்பாகி உதிர்ந்துவிடும். பூச்சாடிச் செடியை மட்டும் அந்த வாரங்களில் தாழ்வாரத்து விளிம்புக்கு நகர்த்தி வைக்கிறேன்: காலை வெயில் படும், மாலை மழை படாது. தீபாவளிக் காலையில் சாமிக்குப் போட நம் வீட்டுப் பூ இருப்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம், அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் சாடியை நகர்த்தலாம்.

வெயில் விஷயத்தில் சமரசம் வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். கூரை நிழலில் வைத்தவர்கள் எல்லாரும் "இலைதான் வருது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் மோசமாகிப் பள்ளிகளைக்கூட மூடினார்களே, அந்த வாரங்களில் என் செடிகளிலும் மொட்டு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வெயிலே மண்ணைத் தொடாத நாட்கள் அவை.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே பல செடிகள் போவது வேர் அழுகித்தான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், தரை செம்மண், பிசுபிசுப்பானது. ஒரு மழை பெய்தால் குழியில் தண்ணீர் மறுநாள்வரை நிற்கும். அதனால் தரைச் செடியைக் குழி தோண்டி நடாமல், ஒரு முழம் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட்டேன். சாடிக்கு மேல்மண், கருக்கிய நெல் உமி, மக்கிய கோழியெரு மூன்றையும் கலந்தேன். கோழியெரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். புதிதாகப் போட்டால் வேர் கருகும். சாடியின் அடியில் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செடியை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேரில் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைக்கிறேன்.

உரத்துக்கு, கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் நீல உரமே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் 12-12-17 விகிதம், கூட 2 பங்கு மக்னீசியம். மாதம் ஒரு மேசைக்கரண்டி, தண்டை ஒட்டாமல் சுற்றி. யூரியா பக்கமே போக வேண்டாம், அது இலையைத்தான் வளர்க்கும். அப்புறம், எண்ணெய்ப்பனை ஆலையில் பழத்தைப் பிரித்தபின் மிஞ்சும் வெறுங்குலை தெரிந்தவர்கள் மூலம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொட்டாசியம் நிறைய. பிய்த்து ஒற்றை அடுக்காகப் பரப்பினால் மண் காயாது, களையும் வராது. குவித்து மட்டும் வைக்காதீர்கள், மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது மல்லிகையைத் தொடாது, ஆனால் பக்கத்து வீட்டுத் தென்னைக்கு வினை.

பூச்சியில் பெரிய தொல்லை மொட்டுக்குள் இருக்கும் புழு. மொட்டு விரியாமல் ஊதா நிறமாகி, அடி வீங்கி, காய்ந்துவிடும். பிளந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னப் புழுக்கள். அந்த மொட்டுகளைக் கிள்ளிச் செடியடியில் போட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெளியேற்றுங்கள். உதிர்ந்தவற்றையும் தினம் கூட்டி எடுக்க வேண்டும். நான் மருந்து அடிப்பதில்லை. தலையில் வைக்கும் பூ, குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ. வறண்ட மாதங்களில் இலையடியில் செம்பேன் வந்தால் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அடங்குகிறது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும்.

வாங்கும்போது நர்சரியில் 'மெலூர்' என்று கேளுங்கள், மல்லிகைக்கு மலாய்ப் பெயர் அதுதான். சின்னப் பாலிபேக் செடி 2018இல் நான் வாங்கியபோது பத்து வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவாகவே கிடைத்தது. கெமுனிங் என்ற வேறொரு செடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதுவும் வெள்ளைப் பூ, நல்ல வாசனை, சாலையோர வேலியெல்லாம் அதுதான். ஆனால் அதன் இலை கறிவேப்பிலை மாதிரி ஓர் ஈர்க்கில் வரிசையாக இருக்கும். மல்லிகையில் தனி இலைகள் எதிரெதிராக, பளபளவென்று இருக்கும். சின்ன ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக உருண்டு பூக்கும் ரகம் பார்க்க அழகு, மணமும் உண்டு. ஆனால் மெதுவாக வளரும், மழைநீரைப் பிடித்துக்கொண்டு அழுகும், தொடுக்கவும் வராது. சரம் கட்ட வேண்டுமென்றால் குண்டுமல்லியே எடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் பூவுக்கு இது ஈடாகுமா? புவிசார் குறியீடு 2013இல் கிடைத்த மதுரை மல்லியின் மொட்டு தடிமன் நம் ஊர்ச் செடியில் வரவில்லை என்பது உண்மை. எங்கள் மொட்டு சற்றுச் சின்னது, காம்பும் மெலிது. ஆனால் பறித்த அன்றே தலையில் ஏறும் பூவின் மணம், விமானத்தில் வந்து ஐஸ் பெட்டியில் கிடந்த பூவுக்கு இருப்பதில்லை. நம் மண்ணுக்கு இது ஒத்துவராது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். நம்மைப் போலவே வெக்கையும் மழையும் உள்ள பிலிப்பைன்ஸ் இதே பூவை 1934இல் தேசியப் பூவாக அறிவித்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைகள் அடைத்தபோது, எங்கள் வரிசையில் நாலைந்து வீட்டுச் சாமி படங்களுக்கு இந்த இரண்டு செடிகள்தான் பூ கொடுத்தன. வேலிமேல் கிண்ணத்தில் வைத்துவிடுவேன், எடுத்துக்கொள்வார்கள்.

பறிக்கும் நேரம் முக்கியம். அன்று விரியப் போகும் மொட்டு மதியத்திலேயே பருத்து, பச்சை போய் வெள்ளையாகத் தெரியும். நாலு, ஐந்து மணிக்குள் பறித்துத் தொடுத்தால் இருட்டும்போது சரத்திலேயே விரியும். விரிந்தபின் பறித்தால் கையிலேயே இதழ் கொட்டும். மறுநாளைக்கு வேண்டுமென்றால் வாழையிலையில் சுற்றி, டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம்.

இந்த ரகத்தில் விதை பிடிப்பது அபூர்வம், அதனால் குச்சிதான் வழி. வெட்டும் நாளில் விழும் கிளைகளில் ரொம்ப இளசும் முற்றலும் இல்லாததாக ஒரு சாண் எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, ஈரமான கருக்கிய உமியில் செருகி நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். எங்கள் தாமானில் இப்போது பல வீடுகளில் இருப்பவை அப்படிப் போனவைதான், யாரும் நர்சரிக்குப் போகவில்லை.

வெயிலே விழாத அடுக்குமாடி பால்கனிக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நந்தியாவட்டை வையுங்கள். அரை நிழலிலும் பூக்கும், சாமிக்கும் ஆகும்.